திறப்பு மாஸ்டரிட்டை

பின்னேரம் வாசிகசாலை பூட்டிக் கிடந்தால் யாரைக் கேட்டாலும் ஒரே மறுமொழிதான்: "திறப்பு மாஸ்டரிட்டை." மாஸ்டர் எங்கே? சங்கக்கடையடியில் நிண்டவராம். சங்கக்கடையில் விசாரித்தால், இப்பதான் கோயிலடிக்குப் போனவராம். கோயிலடியில் ஐயரே வெளித் திண்ணையில் குந்திக்கொண்டிருக்கிறார். களஞ்சிய அறைத் திறப்பும் மாஸ்டரிட்டைத்தான்.

யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு மாஸ்டர் உண்டு: இணுவிலில் ஒருவர், கரவெட்டியில் ஒருவர், வேலணையில் ஒருவர். பெரும்பாலும் இளைப்பாறிய ஆசிரியர், தப்பினால் தபாலதிபர். சனசமூக நிலையத்துக்குச் செயலாளர், கோயில் பரிபாலன சபைக்குப் பொருளாளர், மரணச் சங்கத்துக்குத் தலைவர், விளையாட்டுக் கழகத்துக்குப் போசகர். எங்கள் ஊர் மாஸ்டருக்கு எடுத்த மணிவிழா மலரில் தூண் என்றார்கள், அச்சாணி என்றார்கள், ஆணிவேர் என்றார்கள், கலங்கரை விளக்கம் என்றார்கள். எல்லாம் ஒரே பக்கத்தில். சனத்துக்கு அவர் திறப்பு. அவ்வளவுதான்.

அவருடைய திறப்புக் கோர்வையை நீங்கள் பார்க்க வேண்டும். பழைய லுமாலா சைக்கிளில் அவர் ஒழுங்கை திரும்பும்போதே கிலுங்கும். மணி அடிக்கிற தேவை அவருக்கு வந்ததில்லை. நிலையத்தின் முன்கதவு, பத்திரிகை அலுமாரி, கரம்போட் பெட்டி, ஸ்பீக்கர் அறை, தண்ணீர் மோட்டார்க் கொட்டில், கிடாரமும் தறப்பாளும் கதிரையும் அடுக்கியிருக்கும் மரணச் சங்க அறை என்று ஊரின் பொதுச்சொத்து முழுவதும் அவர் இடுப்பில் தொங்குகிறது. ஒன்றிலாவது அடையாளம் இருக்குமா? இராது. கதவுக்கு முன்னால் சனம் வெயிலில் நிற்க, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். "இது இல்லை. இது மடப்பள்ளி. இது... இதென்ன இது?" பிறகு அந்தத் திறப்பின் வரலாறு தொடங்கும். அந்தப் பூட்டு எந்தக் கடையில் வாங்கியது, அப்போது தலைவராக இருந்தவர் காசைத் தர எவ்வளவு இழுத்தடித்தார் என்பதெல்லாம் முடிந்துதான் கதவு திறக்கும்.

கறள் பிடித்த நீளத் திறப்பு ஒன்றும் அதில் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் இடம்பெயர்ந்து, மழைக்குள்ளால் வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. வீட்டுச் சாமானைக் கட்டுமுன் அவர் ஓடிப்போய் வாசிகசாலையைப் பூட்டியிருக்கிறார். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, கதவு மாட்டியிருந்த நிலையும் இல்லை. திறப்பு மட்டும் பத்திரம். பிறகு கனடாவில் இருக்கிற ஊர்ச் சங்கம் காசு அனுப்பிப் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. பழைய திறப்பை அவர் கழற்றவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மற்றதைக் கேட்கலாம்தானே. கேட்டும் இருக்கிறார்கள்.

"மாஸ்டர், இன்னொரு திறப்பு வெட்டி ஆரிட்டையாவது குடுத்தால் என்ன?"

"ரெண்டு திறப்பு இருந்தால், தம்பி, மற்றவன் திறப்பான் எண்டு ரெண்டு பேரும் வீட்டிலை படுத்திருப்பினம்."

இதில் உண்மை இருப்பதுதான் எரிச்சல். காலையில் பேப்பர் வரும் நேரத்துக்கு நிலையம் ஒருநாளும் பூட்டிக் கிடந்ததில்லை. கிழடுகள் உதயனுக்கும் வலம்புரிக்கும் அடிபட்டுக்கொண்டிருக்க, கதிரையைத் தூசு தட்டிப் போடுவதும் அவர்தான். ஒரு சதம் சம்பளம் இல்லை. வேலிக் கதியால் மாதிரித்தான் ஆள். நட்டவர்கள் மறந்துபோனாலும் அது வேர்விட்டு நிற்கிறது. "எனக்குப் பிறகு ஆர் பார்க்கப் போறாங்கள்? பொடியள் எல்லாம் வெளிநாடு" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கண் கலங்குவார். வெளிநாடு போகாத பொடியன் ஒருவன் துணிந்து உதவிச் செயலாளராக வந்தான். மூன்று மாதம் அவனுக்குக் கிடைத்த வேலை, மாஸ்டரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

போன வருசம் எங்கள் ஒழுங்கையில் விடியப்புறம் ஒரு சாவு. முற்றத்தில் தறப்பாள் கட்ட வேண்டும், கதிரை வேண்டும். மாஸ்டர் மகளின் விசா அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தார். மரணச் சங்க அறையின் திறப்பு 400 கிலோமீற்றருக்கு அங்கால், வெள்ளவத்தையில், அவருடைய காற்சட்டைப் பையில். போன் எடுத்தால், "அந்தரப்படாதேங்கோ, இரவு பஸ்ஸுக்கு வாறன்" என்கிறார். பிரேதம் மத்தியானம் எடுக்க வேண்டும், இவர் இரவு பஸ்ஸுக்கு வருகிறாராம்! இதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாமாதம் சந்தா கட்டிய வீடு. அவர்களுடைய கதிரையை அவர்களே பூட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஊருக்காக உழைக்கிறவர் என்பதற்காக இதையெல்லாம் சொல்லாமல் விடுவது சரியில்லை.

அடுத்தநாள் காலை பஸ்ஸால் இறங்கி நேரே செத்தவீட்டுக்குத்தான் வந்தார். துக்கம் விசாரித்தார், அழுதார். படலையடிக்கு வந்ததும் என் கையைப் பிடித்து மெல்லக் கேட்டார்: "பூட்டை ஆர் உடைச்சது?"

அன்று பின்னேரமே தன் காசில் புதுப் பூட்டு வாங்கினார். புதுப் பூட்டோடு மூன்று திறப்பு வந்தது. மூன்றையும் அதே கோர்வையில் போட்டுக்கொண்டார்.

வருடாந்தப் பொதுக்கூட்டம் வருகிறது. அவரையே திரும்பவும் தெரிவு செய்யுங்கள். அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை. ஆனால் அந்த மூன்றில் ஒன்று விதானையாரிடமும் இன்னொன்று அந்த அறைக்குப் பக்கத்து வீட்டிலும் இருக்க வேண்டும் என்று ஒருவர் முன்மொழியுங்கள், ஒருவர் வழிமொழியுங்கள், கையோடு கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் பதிந்தும் விடுங்கள். புத்தகம் அலுமாரிக்குள் இருக்கிறது. திறப்பை முதல்நாளே கேட்டு வையுங்கள்.