கழுத்து தாங்குமா?

அமெரிக்க வீடுகளில் கணப்புக்கு மேலே டிவியை மாட்டுகிறார்களே, சூடு தாங்குமா?

டிவி தாங்குவது இருக்கட்டும், கழுத்து தாங்குமா? சோபாவில் உட்காருபவரின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். பல வீடுகளில் கணப்பின் மேல்தட்டே நாலரை அடி! படம் முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

சூடும் சும்மா விடாது. சுற்றியுள்ள வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று பல டிவிகளின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஐ.எக்ஸ். தொலைக்காட்சி 1966-லேயே அழகான வழி கண்டது. கணப்பு இல்லாத அடுக்ககவாசிகளுக்காக, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், விளம்பரமே இல்லாமல், விறகு எரிவதை மட்டும் மணிக்கணக்கில் ஒளிபரப்பியது. நெருப்பே டிவிக்குள் வந்துவிட்டது!

நிஜமாகவே விறகு எரிப்பவர்கள் டிவியைப் பக்கத்துச் சுவரில், கண்மட்டத்தில் மாட்டுங்கள்.