வான்விளிம்பியல்: ஹட்சன் மேற்கரைக் கூறு

வான்விளிம்பாவது, ஓர் ஊரின் உயர்கட்டடங்களைத் தொலைவில் நின்று நோக்குங்கால் அவற்றின் தலைகள் வானத்தைக் கீறும் கோடு. மாணாக்க, இக்கோடு கட்டடத்தின் இயல்பன்று, நோக்குவோன் நின்ற இடத்தின் இயல்பு என்று முதற்கண் கொள்க. ஆதலின், நின்ற இடம் சுட்டாது "எம்மூர் பெரிது" என்பார் கூற்று இவ்வியலுள் ஏற்கப்படாது.

நியூ ஜெர்சியில் ஜெர்சி சிட்டியும் நியூவார்க்கும் அண்டையூர்கள். இடையே ஹேக்கன்சாக், பசாயிக் என்னும் ஈராறும் சதுப்பும் கிடக்கும். அவற்றின் வான்விளிம்பு அயல்நோக்கி, தன்னோக்கி, மயங்குநோக்கி என மூவகைப்படும்.

1. அயல்நோக்கி: பிறிதோர் ஊருக்குக் காட்டுவதற்கென எழுந்தது. ஜெர்சி சிட்டியின் ஹட்சன் ஆற்றங்கரை இவ்வகை. இதன் மூலவடிவம் கோல்கேட் மணிப்பொறி. 1924இல் நிறுவிய அதற்கு எட்டு மூலை, 50 அடிக் குறுக்களவு. முகம் ஆற்றுக்கு அப்பால் மன்ஹாட்டனை நோக்கியது. பின்னே நிற்கும் உள்ளூரார்க்கு முட்டுக்கொடுத்த சட்டமே புலனாகும். மணி என்ன என்று அறிய விழைவோர் ஆற்றைக் கடக்க.

இவ்வகையுள் அலுவலிடம் மூன்று நெறியில் மாறும். புணர்ச்சி இலக்கணம் பயின்றாய்க்கு அவை புதியன அல்ல.

1.1 தோன்றல்: வெற்றிடத்தில் நெடுநிலை எழுதல். ஈரி தொடர்வண்டியின் பழைய வண்டித்திடலில் 1986 முதல் எழுந்த நியூபோர்ட் ஒன்று. கோல்கேட் ஆலை நின்ற நிலத்தில் 2004இல் முடிந்த கோல்ட்மேன் சாக்ஸ் நெடுநிலை மற்றொன்று: 42 அடுக்கு, 781 அடி.

1.1.1 வாராத்தோன்றல்: கட்டடம் தோன்றியும் அதற்குரியார் வாராமை. மேற்சொன்ன நெடுநிலைக்குப் பங்கு வணிகர் ஆற்றைக் கடந்து வர இசைந்திலர். பிற பிரிவினரே அமர்ந்தனர். நிறுவனமோ மன்ஹாட்டனிலேயே வேறொரு தலைமையிடம் கட்டிப் புகுந்தது. அடுக்கை எண்ணி ஆளை எண்ணாதார்க்கு இவ்வுட்பிரிவு விளங்காது. அவர் தொகை பெரிது.

1.2 திரிதல்: ஒன்று மற்றொன்றாதல். பென்சில்வேனியா தொடர்வண்டி நிறுவனம் எழுப்பிய ஹார்பர்சைடு கிடங்கு அலுவலகமாய்த் திரிந்தது. நியூவார்க்கில் 1930இல் எழுந்த லெஃப்கோர்ட் அலுவற்கட்டடம் குடியிருப்பாய்த் திரிந்தது எதிர்த்திரிபு.

1.3 கெடுதல்: உயரத்தின் தலைமை அலுவலை நீங்கி அடுக்களையைச் சேர்தல். இன்று நியூ ஜெர்சியில் மிக உயர்ந்தது 99 ஹட்சன்: 79 அடுக்கு, 900 அடி, குடியிருப்பு. அதன் உச்சியில் கோப்பு இல்லை, குழம்பு கொதிக்கும். அவ்வுயரத்தை அலுவல் வளர்ச்சியின் கணக்கில் எழுதுவோரை மறுக்க.

2. தன்னோக்கி: தன்னூரார்க்கே எழுந்தது. நியூவார்க்கின் ப்ராட் தெருவில் 1931 முதல் நிற்கும் நேஷனல் நியூவார்க் கட்டடம் 35 அடுக்கும் 465 அடியும் உடையது. உயரத்தில் நியூவார்க் ஜெர்சி சிட்டிக்குத் தோற்றது, ஆயினும் 1875இல் இவ்வூரிலேயே பிறந்த ப்ருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனம் பெயராது இருந்து, 2015இல் அதே தெருவில் புது நெடுநிலை கட்டியது. வந்தேறிய அலுவலைவிடப் பிறந்த அலுவல் உறுதியுடைத்து என்பது எம் துணிபு. 2020 குடிக்கணக்கில் நியூவார்க் 311,549, ஜெர்சி சிட்டி 292,449 என்பதையும் குறித்துக்கொள்க.

3. மயங்குநோக்கி: கரையினின்று விலகி உள்ளே எழுந்து, எவரை நோக்குகிறதென்று துணியவொண்ணாதது. ஜர்னல் சதுக்கத்து நெடுநிலைகள் இவ்வகை. அருகே இந்தியக் கடைத்தெருவில் தோசை உண்போன் கழுத்தை முற்ற நிமிர்த்தினாலன்றி விளிம்பு காணான். நிமிர்த்தின் சட்டினி சட்டையிற் சிந்தும். இதற்குச் சட்டினியிழுக்கு என்று பெயர்.

புறநடை: அதே கரையிலுள்ள ஹோபோக்கனில் நெடுநிலை அரிதாதலின் விரித்திலம். 2002இல் வைலி பதிப்பகம் மன்ஹாட்டனினின்று அங்கு வந்ததை மட்டும் கொள்க. மேற்படி கடைத்தெரு நியூவார்க் அவென்யூவில் உளது. நியூவார்க் அவென்யூவோ ஜெர்சி சிட்டியில் உளது. அங்கு உண்டு மீண்டு, நியூவார்க்கின் வான்விளிம்பைக் கண்டேன் என்பான் சான்று தள்ளுபடி.