லாயத்துப் புல்லளவை: பூர்வபட்சமும் சித்தாந்தமும்

லாயத்தில் கட்டிய குதிரைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புல் போடுவது என்று குதிரைக்காரரைக் கேட்டால் வரும் விடை இது: “போடுறதைப் போடுங்க, திங்கிறதைத் திங்கும்.” சுருக்கமும் ஆழமும் உடைய விடைதான். ஆயினும் அளவு சொல்லாமையால் குன்றக்கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும். அக்குற்றம் களையவே இவ்வாய்வு எழுந்தது. ஆய்வுப் பொருளாகக் கொண்டது பழனி அடிவாரத்தில் வண்டி இழுக்கும் நாட்டு மட்டக்குதிரை.

1. முன்னோர் மொழிந்தவை

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முதல்தரக் குதிரைக்கு 1000 பலம் பசுந்தீவனம் விதிக்கிறது. சாதாரணப் புல்லானால் இரு மடங்கு. கூடவே 50 பலம் இறைச்சி, எண்ணெய், உப்பு, தயிர், களைப்புக்குச் சுரா என்று பட்டியல் நீள்கிறது. படித்து முடிப்பவருக்குக் குதிரையாகப் பிறந்திருக்கலாமே என்று தோன்றும். பலத்துக்கு 35 கிராம் என்று வைத்தால் பசுந்தீவனம் மட்டும் 35 கிலோ.

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் குதிரைகளைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்துப் போட்டதாகச் சொல்கிறார். பாரசீகத்து வசாப் சொல்வதோ வறுத்த பார்லி, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால். ஒருவர் பிரியாணிப் பக்கம், மற்றவர் பாயசப் பக்கம். புல்லுக்கு வழக்காட ஆளில்லை.

2. கட்டு என்னும் அளவை

புல்லை விற்பதும் வாங்குவதும் கட்டுக் கணக்கில். கட்டு என்பது கட்டுபவர் கை, வாங்குபவர் அவசரம், அன்றைய மழை ஆகிய மூன்றையும் பொறுத்தது. ஆடிக் காற்றில் இளைக்கும், ஐப்பசியில் பெருக்கும்.

“என்னம்மா, கட்டு நாளுக்கு நாள் சிறுத்துக்கிட்டே போகுது?”

“கட்டு அதேதாண்ணே. உங்க குதிரைதான் பெருத்துப்போச்சு.”

இருவர் கூற்றும் ஒருங்கே மெய்யாகலாம் என்பதே இவ்வளவையின் சிறப்பு. பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே 24 கிலோ பசும்புல்லும் 6 கிலோ உலர்புல்லும் குதிரையின் வயிற்றில் கிட்டத்தட்ட ஒரே கணக்குதான். இந்தக் கணக்கில் கௌடில்யரின் 35 கிலோ எட்டொன்பது கிலோ உலர்புல்லாகச் சுருங்கும். 400 கிலோ குதிரைக்கு இன்றைய கால்நடை மருத்துவம் சொல்லும் அளவும் ஏறத்தாழ அதுவே. சுராவை நீக்கினால் அவர் நம்பத்தக்கவர்.

3. குதிரையை அளத்தல்

புல்லை அளக்குமுன் குதிரையை அளக்கவேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு உலர்புல் என்பது பொது விதி; 1.5க்குக் கீழே இறங்கலாகாது. எடைமேடை இல்லாதார்க்கு ஒரு வாய்பாடு உண்டு: மார்புச் சுற்றை அதனாலேயே பெருக்கி, தோள்முனை முதல் பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்று 150 செ.மீ., நீளம் 158 செ.மீ. என்றால் குதிரை 299 கிலோ. அதற்கு 6 கிலோ உலர்புல். தையற்காரரிடம் இரவல் வாங்கும் டேப் 150 செ.மீ.யோடு முடிந்துவிடுமாதலால், அதனினும் பருத்த குதிரையை வைத்திருப்போர் சணல் கயிறு கொண்டு அளப்பதே மரபு. அளக்கும் நேரம் பார்த்துக் குதிரை மூச்சை இழுத்து மார்பை விரித்துக்கொண்டால், அது கூடுதல் புல்லுக்கான விண்ணப்பம் என்று கொள்க.

4. மறுப்பும் விடையும்

அற்றேல், ஆறு கிலோவையும் காலையிலேயே கொட்டிவிட்டால் என்ன என்பார்க்கு: ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு முக்கால் மணி நேரம் போல் ஆகும். ஆறும் நாலரை மணி நேரத்தில் தீரும். மீதிப் பொழுதெல்லாம் வயிற்றில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது மட்டுமே எச்சில் ஊறி அதைத் தணிக்கும். வெறும் வயிறு புண்ணாகும். வாய் சும்மா இராமல் லாயக் கதவைக் கறும்பும். ஆகவே மூன்று நான்கு வேளையாகப் பகுத்து, பெரும் பங்கை இரவுக்கு வைக்க. சிறுகண் வலைப்பையில் தொங்கவிட்டால் தின்பது மெதுவாகும்.

அற்றேல், வைக்கோல் போதாதோ எனின், போதாது. மாட்டைப் போல் அசைபோடும் வயிறு குதிரைக்கு இல்லை. மட்டுமீறினால் குடல் அடைக்கும். வாந்தியெடுத்துத் தப்பிக்கவும் அதனால் முடியாது.

கொள்ளைக் கூட்டிப் புல்லைக் குறைக்கலாமே எனின், கொள்ளென்றால் வாய் திறப்பது குதிரையின் இயல்பு. இயல்பை மருத்துவமாகக் கொள்வது மயக்கம். கொள்ளு வேலைக்குக் கூலி, புல்லே சாப்பாடு.

5. சித்தாந்தம்

எடையும் வாய்பாடும் தொடக்கம்தான். தீர்ப்புச் சொல்வது விலா எலும்பு. கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் தட்டுப்பட்டால் அளவு சரி. கண்ணாலேயே எண்ணமுடிந்தால் புல்லைக் கூட்டுக. அழுத்தித் தேடினாலும் அகப்படாவிட்டால் குறைக்க.

அடுத்தது மிச்சம். குதிரை மேலுதட்டால் இலையைத் துழாவித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும். கொஞ்சத்தை மிதித்து அதன்மேலேயே நீர் விடும். அதையும் தின்ற கணக்கில் எழுதுவது லாய வழக்கம். மாலைதோறும் மிச்சத்தைத் திரட்டி நிறுத்தால்தான் உள்ளே போனது இவ்வளவு என்று துணியலாம். ஒரே நாளில் மிச்சம் ஏறினால் பல்லிலோ வயிற்றிலோ கோளாறு.

இவ்விதியின் பயன் வரலாற்றுக்கும் எட்டும். வாதவூரர் பொருட்டு இறைவன் நரிகளைப் பரியாக்கி ஓட்டிவந்தபோது, பாண்டியன் லாயத்தில் எவரும் மாலை மிச்சத்தை நிறுத்ததாகத் தெரியவில்லை. நிறுத்திருந்தால் போட்ட புல் போட்டபடி கிடந்து, நள்ளிரவு ஊளைக்கு முன்பே குட்டு உடைந்திருக்கும். குதிரை வாங்கிய அன்றே கணக்கு முடிந்திருந்தால் வைகை பெருகியிராது; வந்தியின் பிட்டுக்கு மண் சுமக்க ஆள் வந்திராது; பிரம்படியும் விழுந்திராது. ஆகவே அரசர்க்கு இவ்விதி விலக்கு. வண்டிக்குதிரை வைத்திருப்போர் அருள்கூர்ந்து ஒரு தராசு வாங்கிக்கொள்க.