‘மொத்தம் எத்தனை உருப்படி?’: பட்டிக்கு வரும் விருந்தாளியின் முதல் கேள்வி குறித்து ஓர் ஆய்வு

பொங்கல் விடுமுறையிலோ கோடை விடுமுறையிலோ நகரத்துக் குடும்பம் ஒன்று காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்து உறவினர் தோட்டத்துக்கு ஆடு பார்க்கப் போகிறது. காரை விட்டு இறங்கிய குடும்பத் தலைவர் நேராகப் பட்டிக்குப் போய், படலின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி யாது? ‘மொத்தம் எத்தனை உருப்படிங்க இருக்குது?’ என்பதே. ஆட்டின் குடற்புழுவைப் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் கீதாரிகளைப் பற்றி நாவலே இருக்கிறது. இந்தக் கேள்வியை மட்டும் அறிவுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம் கொறங்காடு. கொங்கு நாட்டின் வறண்ட பகுதிகளில் மழையை நம்பி விடப்பட்ட மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். மழை பொய்த்த மாதங்களில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். வேலி ஒழுங்காக இருந்தால் ஆட்டின் பின்னாலேயே ஆள் அலைய வேண்டியதில்லை. காலையில் உள்ளே விட்டு, சாயங்காலம் ஓட்டிவந்து அடைத்தால் போதும். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் யாரும் முனைவர் பட்டம் பெற்றதாகத் தெரியவில்லை.

தலைவரின் கேள்விக்கு விடை தேடுமுன் எதை எண்ணுவது என்ற சிக்கல் எழுகிறது. குடும்பத்தின் இளைய உறுப்பினர், வயது ஆறு, பட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் செம்மறியே இல்லை என்று அறிவித்துவிடுகிறார். பள்ளிப் புத்தகத்துச் செம்மறி வெண்பஞ்சு போர்த்தியது. இங்கே நிற்பதோ மேச்சேரி ஆடு. இளம்பழுப்பு நிறம், குட்டை மயிர், கத்தரிப்பதற்குக் கம்பளி என்று ஒன்றுமே கிடையாது. இறைச்சிக்கும் தோலுக்கும் பேர்போன இனம். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் உண்டு. தாய் சமாதானம் செய்ய முயன்று, ‘இது வெள்ளாடுடா கண்ணு’ என்கிறார். அப்போதுதான் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அமுச்சி, அதாவது பாட்டி, குறுக்கிடுகிறார்: ‘வாலப் பாரு சாமி. வெள்ளாட்டுக்கு வாலு மேல நிமுந்துக்கும், செம்மறிக்குத் தொங்கும்.’ வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம், செம்மறிக்கு 54 என்று கண்டுபிடிக்க நுண்ணோக்கி தேவைப்பட்டது. அமுச்சிக்கு மூக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை.

இனி வரலாறு. ‘எத்தனை உருப்படி’ மனிதகுலத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. இன்றைய ஈராக்கில் கிர்குக் நகருக்கு அருகே நூசி என்னும் பழம்பதியைத் தோண்டியபோது முட்டை வடிவில் உள்ளீடற்ற களிமண் உருண்டை ஒன்று கிடைத்தது. வயது ஏறக்குறைய 3,500 ஆண்டு. மேய்ப்பனிடம் ஒப்படைத்த ஆடுகளின் பட்டியல், கிடா, பெட்டை, குட்டி என்று வகைவாரியாக மேலே எழுதப்பட்டிருந்தது. உள்ளே ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாகச் சிறு கற்கள், ஆட்டுக்கு ஒன்று வீதம். மேய்ப்பன் எண்ணிக்கையை மாற்றிவிடாதிருக்க உருண்டையை மூடி முத்திரையும் வைத்திருந்தார்கள். அதாவது கேள்வி கேட்டவர் ஆட்டின் சொந்தக்காரர், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் மேய்ப்பன்.

அடுத்துக் கேட்டது அரசு. இந்தியாவில் 1919இல் முதல் கால்நடைக் கணக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த வரிசையில் 20ஆவது, 2019இல் வெளியானபோது நாட்டில் செம்மறிகள் 7 கோடியே 42 லட்சத்துக்கு மேல் என்றது. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 45 லட்சம். மூன்றாவதாகக் கேட்பவர் சந்தை வியாபாரி. அவராவது துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைத் தொட்டு விலை பேசும் நாகரிகம் தெரிந்தவர். நான்காவதாக அறிய விரும்புபவன் திருடன். அவன் வாய் திறந்து கேட்பதில்லை.

சொந்தக்காரர், சர்க்கார், வியாபாரி, திருடன் ஆகிய நால்வருக்குத்தான் இந்த எண்ணால் பயன் உண்டு. விருந்தாளி இந்த நால்வரில் ஒருவரும் அல்லர். ஆனால் கேள்வி காதில் விழுந்த கணமே பட்டிக்காரர் அவரை இந்த நான்கில் ஒன்றில் சேர்த்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார் என்பதே என் கருதுகோள். சான்று, அவர் சொல்லும் பதில்களிலேயே இருக்கிறது.

பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘இருக்குதுங்க மாப்ள, ஏதோ சாமி புண்ணியத்துல.’ இது சர்க்காருக்குச் சொல்லும் பதில். ‘ஏனுங்க, வாங்கறாப்புலயா?’ என்று திருப்பிக் கேட்டால் மாப்பிள்ளை வியாபாரி வரிசையில் சேர்க்கப்பட்டுவிட்டார். ‘என்னத்தப் பெருசா, நாயி ரெண்டு இருக்குதுங்க’ என்று ஆட்டைக் கேட்டதற்கு நாயைச் சொன்னால், எந்த வரிசை என்று நான் விளக்க வேண்டியதில்லை. ‘அதுக கெடக்குதுங்க, மொதல்ல மோரக் குடிங்க’ என்பது மட்டுமே உறவினருக்குரிய பதில். மோர் வந்தபின் கேள்வியை மீண்டும் எழுப்பும் மாப்பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பற்றித் தனி ஆய்வு தேவை.

ஏன் எண்ணைச் சொல்வதில்லை? கண்ணேறு என்பது பரவலான விளக்கம். சொன்னால் பெருகாது, சொன்ன வாரமே ஒன்று செத்துப்போகும். நகரத்துக் குடும்பத் தலைவர் இதை மூடநம்பிக்கை என்று புன்னகைப்பார். அவரிடம், ‘உங்க பேங்க்ல மொத்தம் எவ்வளவுங்க இருக்குது?’ என்று படலில் சாய்ந்தபடி பட்டிக்காரப் பெரியப்பா கேட்டால் என்ன ஆகும்? கணக்கியல் நோக்கில் இரண்டு கேள்வியும் ஒன்றுதான். அவசரத்துக்குப் பட்டியில் இரண்டு உருப்படியைப் பிடித்து விற்றுத்தான் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள், வளைகாப்புச் செலவைச் சமாளிக்கிறார்கள்.

எனக்கு இதைவிட வலுவாகப் படும் காரணம் வேறு. பட்டிக்காரர் எண்ணில் நினைப்பதே இல்லை. காதில் மடலில்லாதது, இரட்டைக்குட்டி போட்டது, போன ஆடியில் நொண்டியது, குட்டியைச் சேர்க்காதது என்று ஒவ்வொன்றும் அவருக்கு ஓர் ஆள். ஒன்று குறைந்தால் ‘ஒன்று குறைகிறது’ என்று அவர் சொல்வதில்லை. ‘அந்தக் கருமூஞ்சியக் காணமே’ என்கிறார். இதில் ஆடும் சளைத்ததல்ல. கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாம் நிலையத்தில் நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. செம்மறிகள் ஐம்பது சக ஆடுகளின் முகங்களை இரண்டாண்டுக்கு மேல் நினைவில் வைத்திருந்தன என்றது அது. 2017இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் படங்களைக் காட்டிப் பழக்கியபோது, ஒபாமாவின் முகத்தையும் பிற முகத்திலிருந்து பிரித்துக் காட்டின. ஆக, பட்டியில் இரண்டு தரப்பும் முகம் பார்த்தே வருகைப்பதிவு எடுக்கின்றன. எண் தேவைப்படுவது மூன்றாம் தரப்புக்கு மட்டும்.

பதில் கிடைக்காத குடும்பம் தானே எண்ணத் துணிகிறது. இங்கே முறையியல் சிக்கல் எழுகிறது. செம்மறியின் கண்மணி கிடைமட்டக் கோடாக இருக்கும். தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ சுற்றுமுற்றும் தெரியும். மேயக் குனிந்தாலும் அந்தக் கோடு தரைக்கு இணையாகவே நிற்கும்படி கண் சுழன்றுகொள்ளும். ஆகவே எண்ணுபவர் எங்கே நின்றாலும் ஆட்டின் பார்வைக்குத் தப்ப முடியாது. அந்நியர் விரல் நீட்டியதும் எல்லாம் ஒன்றோடொன்று ஒண்டிக்கொள்ளும். ஒன்று எதையோ தாண்டியதுபோல் துள்ளினால், பின்வருவதும் இல்லாத அதே தடையைத் தாண்டும். அப்பாவின் கணக்குக்கும் மகளின் கணக்குக்கும் பதினொன்று வித்தியாசம் வந்தது. கைபேசியில் படமெடுத்துத் திரையைப் பெரிதாக்கி எண்ணிய மகனுக்குத் தலைகளும் முதுகுகளும் ஒத்துப்போகவில்லை. குட்டிகளைச் சேர்ப்பதா, சினையைச் சேர்ப்பதா, ஓரத்தில் கட்டியிருந்த இரண்டு வெள்ளாட்டை என்ன செய்வது என்ற விவாதம் காப்பி ஆறும் வரை நீண்டது.

உண்மையான கணக்கு எப்போது நடக்கிறது என்பதே இந்த ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு. பொழுது சாயும் வேளை. ஆடுகள் கொறங்காட்டிலிருந்து திரும்பிப் பட்டி வாசலில் முண்டுகின்றன. பெரியப்பா படலை ஓர் ஆடு நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கி, கால் முட்டியால் தடுத்துப் பிடித்துக்கொள்கிறார். ஒன்று, ஒன்றன்பின் ஒன்று. உதடு அசைவதில்லை. பார்வை மட்டும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு நொடி தங்கி நகர்கிறது. பாலுக்குக் கத்தும் குட்டியின் சத்தமும் பதில் சொல்லும் தாயின் சத்தமும் அவருடைய கணக்கில் சேர்கின்றன. கடைசி ஆடு உள்ளே போனதும் படலைச் சாத்திவிட்டு நிமிர்ந்தால், கணக்கு முடிந்தது என்று பொருள்.

சரியாக இந்தச் சமயத்தில்தான், நான் கவனித்த குடும்பங்கள் அத்தனையும், ஆட்டுக்கூட்டம் அழகாக வருகிறதே என்ற பரவசத்தில் பெரியப்பாவின் தோள்பக்கம் போய் நின்று கேட்கின்றன: ‘மொத்தம் எத்தனை இருக்குங்க?’ அவர் முகம் திரும்புகிறது. அந்த இடைவெளியில் மூன்று ஆடுகள் பார்க்கப்படாமலே நுழைந்துவிடுகின்றன. பிறகு அவர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் இறங்கி, முகம் முகமாகத் தேடுவதை நாம் வாசலில் நின்று ரசிக்கிறோம்.

ஆகவே ஆடு பார்க்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலையில் கேளுங்கள், மோர் குடித்துக்கொண்டே கேளுங்கள், திரும்பி வந்து தொலைபேசியில்கூடக் கேளுங்கள். ஆடு பட்டிக்குள் நுழையும் நேரத்தில் மட்டும் பெரியப்பாவிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.