ரிஜெக்ட் சீல் அண்ணன்

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் வரை எந்தக் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தாலும் சில பேர் தவறாமல் இருப்பார்கள். சீட்டுப் பிடிக்கிறவர். ஆயுத பூஜைக்கு வசூல் நோட்டோடு வருகிறவர். ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வேன் பேசுகிறவர். இவர்களோடு இன்னொருவரும் உண்டு. யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் வளைகாப்பு, யார் பேப்பர் போட்டாச்சு என்பதையெல்லாம் ஹெச்.ஆருக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு, கையாலேயே ஒரு வாழ்த்து அட்டை செய்து, அதன் நடு நெற்றியில் சிவப்பு மையில் 'ரிஜெக்டட்' என்று குத்திக் கொடுக்கிறவர். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். ஆள் ஒரே ஆள்தான். பொடியன்கள் கூப்பிடுகிற மாதிரி நாமும் சீல் அண்ணன் என்றே கூப்பிடுவோம்.

சீல் அண்ணனை லைனில் தேடக் கூடாது. லைனில் நிற்பவருக்கு ஒரு பீஸுக்கு இத்தனை விநாடி என்று கணக்கு. மூக்கு அரித்தால் சொறிவதற்குள் அடுத்த பீஸ் வந்து நிற்கும். அண்ணன் இருப்பது இன்வர்டில். வெளியிலிருந்து வருகிற சரக்கைப் பிரித்து, அளந்து, 'ஓகே', 'ஹோல்டு', 'ரிஜெக்டட்' என்று தலையெழுத்து எழுதுகிற இடம். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் ஸ்டீல் ரூல், காதோரம் மஞ்சள் பெயின்ட் மார்க்கர். அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். கேன்டீன் வடையின் ஓட்டைக்கே ஒருமுறை வெர்னியர் போட்டு, "டாலரன்ஸ் தாண்டிடுச்சு, வடை கம்மி ஓட்டை ஜாஸ்தி" என்று சப்ளையருக்கு அனுப்புகிற தோரணையில் கேன்டீன் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததற்கு இன்வர்டில் சேர்கிற குப்பைதான் காரணம். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகிற பெட்டிகளின் அட்டையைப் பார்த்தால் நம்மூர்க் கல்யாணப் பத்திரிகை வெட்கப்படும். பபிள் ராப், சிலிக்கா ஜெல் பொட்டலம், தங்க நிறத்தில் மினுங்கும் காப்டன் டேப், கேபிள் டை, ஹார்னஸில் வெட்டிப் போட்ட நாலு கலர் வயர் துண்டு, பார்கோடு உரித்தபின் மிஞ்சுகிற வழவழத் தாள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் இத்தனை தினுசு ஒரே இடத்தில் சிக்காது. இவருக்கோ ஸ்க்ராப் யார்டு போகிற வழியில் காலிலேயே தடுக்குகிறது.

கேட்டில் செல்போன் கேமராவை மறைக்க செக்யூரிட்டி குட்டியாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் ஜனங்கள் அதை உரித்துக் கம்பெனி பஸ்ஸின் முன்சீட்டு முதுகில் ஒட்டிவிட்டு இறங்கிப் போவார்கள். அண்ணன் அவற்றைச் சேர்க்கிறார். அவருடைய அட்டையில் வரும் மனிதர்களுக்கெல்லாம் அவைதான் கண். அதனாலோ என்னவோ, பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்ட மாதிரியே எல்லாரும் முழிப்பார்கள். பூ வேலைக்குக் கேன்டீன். காய் நறுக்கும் இடத்தில் வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வாங்கிவந்து, ஸ்டாம்பு பேடில் ஒற்றி ஓரம் முழுக்கப் பூப் பூவாகக் குத்துவார். ஆரம்பப் பள்ளியில் கற்ற கலை. நாலு நாளில் பூவெல்லாம் பூசணம் பூக்கும். கேட்டால், "நேச்சுரல் மெட்டீரியல் தம்பி, ஷெல்ஃப் லைஃப் அவ்ளோதான்."

ஆனால் கம்பெனி சீலை மட்டும் தொட மாட்டார். அதில் நம்பர் உண்டு. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. தொலைந்தால் மெமோ வரும். அண்ணனின் சீல்கள் சொந்தச் செலவில் கடையில் போட்டவை.

"ரிஜெக்டட்னு ஒண்ணு, ஓகேன்னு ஒண்ணு, 'மாமியார் அப்ரூவல் பெண்டிங்'னு ஒண்ணு."

கடைக்காரர் முதல் இரண்டுக்கும் லெட்டர்ஹெட் இருக்கிறதா என்று கேட்டாராம். மூன்றாவதற்கு ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டா போட்டுடறேன் சார், ஒண்ணு எனக்கு" என்றாராம்.

இப்போது கடையில் போடுவதெல்லாம் வெளிச்சத்தில் இறுகுகிற பாலிமர் சீல். அண்ணனுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேக வைக்கிற வித்தைக்கு சார்லஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ஒரகடத்து அப்போலோ ஆலையில் லாரி டயர் வேகிறதும் அந்த வித்தையில்தான், அந்தக் காலத்து ரப்பர் சீல் வெந்ததும் அந்த வித்தையில்தான். "ரப்பர்ல ஒரு அமுக்கு இருக்குப்பா, பாலிமர்ல அது வராது" என்பார். ஆகவே படம் வேண்டுமென்றால் பிய்ந்துபோன ஹவாய் செருப்பை பிளேடால் செதுக்கிக்கொள்வார். யானை, இட்லி, போர்க் லிஃப்ட், பிளான்ட் ஹெட்டின் மீசை என்று ஒரு டிபன் டப்பா நிறையச் செருப்புத் துண்டு வைத்திருக்கிறார்.

சரக்கு இருந்தால் மட்டும் சிரிப்பு வந்துவிடாது. அண்ணனின் கைவண்ணம் எங்கே இருக்கிறதென்றால், பெட்டியில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிற குறியை இடம் மாற்றி வைப்பதில். ஏற்றுமதிப் பெட்டிகளில் ஒரு மதுக் கோப்பைப் படம் இருக்கும். உடையும், பார்த்துக் கையாளு என்று அர்த்தம். பக்கத்தில் குடைப் படம். நனையாமல் பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஷிஃப்டில் ஒருவர், சாயங்காலமானால் கடைப் பக்கம் ஒதுங்குகிறவர், கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். மறுநாள் அவர் லாக்கரில் ஒரு அட்டை. கோப்பையையும் குடையையும் அருகருகே வெட்டி ஒட்டி, மேலே ஒரு 'ஹோல்டு' சீல், கீழே 'வேலிடிட்டி: ஒரு மண்டலம்'. சாமி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சரணம் சொல்லவே மறந்துவிட்டார்.

கோப்பையால் வாழ்த்து அட்டைக்கு வம்பு வருவது புதிதில்லை. உலகத்தில் முதன்முதலாக அச்சடித்து விற்ற கிறிஸ்துமஸ் அட்டை 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைய வைத்தது. அதில் ஒரு குடும்பமே ஒயின் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும், குழந்தை உட்பட. மதுவிலக்குக்காரர்கள் பொங்கிவிட்டார்கள். நம் அண்ணன் குடையும் சேர்த்து ஒட்டியதால் தப்பித்தார்.

அவருடைய தலைசிறந்த படைப்பு எது என்று என்னைக் கேட்டால் கல்யாண அட்டையைத்தான் சொல்வேன். போல்ட்டை முடுக்கியபின், சரியான டார்க்கில் முடுக்கியாச்சு என்பதற்கு அடையாளமாக மேலே பெயின்டால் ஒரு கோடு இழுப்பது லைன் வழக்கம். அண்ணன் ஒரு வயரை எடுத்து மஞ்சள் டேப் சுற்றி, அதில் மூன்று முடிச்சுப் போட்டு அட்டையில் ஒட்டினார். முடிச்சுக்கு ஒரு கோடாக மூன்று மஞ்சள் கோடு. கீழே: 'டார்க் செக் செய்யப்பட்டது. லூஸ் ஆனால் லைன் லீடரை அணுகக் கூடாது.' உள்ளே திருப்பினால் மாப்பிள்ளையின் ஐ.டி. கார்டு போட்டோ, அதன்மேல் 'யூஸ் ஆஸ் இஸ்' என்று பச்சையில் ஒரு சீல். டிராயிங்கில் உள்ளபடி இல்லை, ஆனால் வண்டி ஓடும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று குவாலிட்டிக்காரர்கள் பெரிய மனது பண்ணி முடிவெடுக்கும்போது எழுதுகிற வாசகம் அது. மணப்பெண் ஐ.டி.ஐ. படித்தவர். வரவேற்பு மேடையிலேயே அதைப் பார்த்து, "டீவியேஷன் எவ்ளோன்னு போடலையே அண்ணா?" என்று கேட்டுவிட்டார். அண்ணனுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே நல்ல விமர்சனம்.

இந்த நகைச்சுவை வெளியில் செல்லாது. ஒரகடம் கூட்ரோட்டைத் தாண்டி தாம்பரத்தில் யாரிடமாவது காட்டினால் "என்ன சார் இது?" என்பார்கள். உள்ளே கதையே வேறு. கள்ளக்குறிச்சிப் பையனும் செய்யாறு பெண்ணும் ஒடிசாவிலிருந்து வந்த ட்ரெய்னியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாதிப் பேருக்கு மற்ற பாதிப் பேரின் மொழி தெரியாது. சிவப்பு சீல் என்றால் என்ன, பச்சை டேக் என்றால் என்ன என்பது மட்டும் அத்தனை பேருக்கும் தெரியும். ஆகவே அண்ணன் எழுத்தைக் குறைத்து சீலைக் கூட்டுகிறார். ஒடியா பேசுகிற பையனும் பொருளுரை கேட்காமல் சிரிக்கிறான். பொருளுரை கேட்காதது அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், சொல்லக் காத்திருப்பார்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ உருளத் தொடங்கிய நாட்களில், அதைச் சுற்றி முளைத்த வெண்டார் கம்பெனி ஒன்றில் அப்ரெண்டிஸாக வந்து சேர்ந்தவர் அண்ணன். அப்போது பொங்கல் வாழ்த்து உயிரோடு இருந்தது. மார்கழி பிறந்தால் பெட்டிக்கடையில் கயிறு கட்டித் தொங்கும்: பொங்கல் பானை, ஜோடி மாடு, கரும்பு, எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல். அறையில் கூடத் தங்கியவர்கள் எல்லாரும் ஊருக்கு அட்டை போட்டார்கள். பிறகு குறுஞ்செய்தி வந்தது. ஒரே வாசகம், நூறு பேருக்கு. அண்ணன் இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை மட்டும் விட மாட்டார்: அந்த போனைச் செய்ததும் இதே ஊர்தான். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. வாழ்த்து அட்டையின் கழுத்தைப் பிடித்த கருவி இங்கிருந்துதான் பெட்டி பெட்டியாகப் போயிற்று. அவருடைய அறை நண்பர்களே அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி அது நின்றது. "எங்க அட்டையைக் கொன்னவனுங்களுக்கும் நான்தான்யா ஃபேர்வெல் கார்டு போட்டேன்" என்பார். அன்றைக்கு எந்த சீல் குத்தினீர்கள் என்று கேட்டால், டிபன் டப்பாவைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்.

குறை இல்லாத மனிதரா என்றால் இல்லை. முதல் குறை, ரகசியம் தங்காது. ரகசிய மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்ன ராமானுஜர் பிறந்த மண்ணில் வேலை பார்க்கிறார். சர்ப்ரைஸ் அட்டை என்று சொல்லிக்கொண்டே பெறப்போகிறவரைத் தவிர மூன்று ஷிஃப்டுக்கும் காட்டுவார், கடைசியில் பொறுக்காமல் அவருக்கும் காட்டிவிடுவார். இரண்டாவது, நீங்கள் சிரிக்கும்வரை நகர மாட்டார். லேசாகச் சிரித்தால் போதாது, ரீவொர்க் கேட்பார். மூன்றாவதுதான் கொடுமை: பின்னால் ஆடிட் உண்டு. கொடுத்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று ஆறு மாதம் கழித்து வந்து விசாரிப்பார். ஒருவர் அதைக் குழம்புப் பாத்திரத்துக்கு அடியில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, அந்த வட்டக் கறையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, 'டிஃபெக்ட்: சாம்பார், சைஸ் 110 மி.மீ.' என்று எழுதிவிட்டு வந்தார்.

வீட்டில் இந்தப் பருப்பு வேகவில்லை. கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஒரு அட்டை. அளவுகோல்களுக்கு வருஷா வருஷம் கேலிப்ரேஷன் செய்து ஒட்டுகிற ஸ்டிக்கர் மாதிரியே ஒன்று: செய்த தேதி, அடுத்த டியூ தேதி, நிலை: ஓகே. அந்த அம்மாள் அதை வாங்கி, "ஏங்க, இதுல ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம் காலியா இருக்கே" என்று பேனா எடுத்து, 'எரர் அப்படியே இருக்கிறது' என்று நிரப்பி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டார்.

அட்டை கேட்டைத் தாண்டுவது தனிப் பாடு. கம்பெனிப் பொருள் எது வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். போய்த் திரும்பி வருவதற்கு ஒரு வகை, திரும்பாததற்கு ஒரு வகை. பபிள் ராப் ஒட்டிய அட்டையைப் பார்த்து செக்யூரிட்டி நிறுத்தினார். அண்ணன் விளக்கினார், அவர் ஒப்பவில்லை, சூப்பர்வைசர் வந்தார். கடைசியில் ஒரு பாஸ் எழுதப்பட்டது: 'பொருள்: வாழ்த்து. எண்ணிக்கை: 1. வகை: திரும்ப வராது.' அண்ணன் பாஸின் கார்பன் காப்பியைக் கேட்டு வாங்கி, அதையும் அட்டையிலேயே ஒட்டிவிட்டார்.

போன வருஷம் வெளி ஆடிட்டர் வந்தார். சிரித்துப் பார்த்தவர்கள் யாருமில்லாத ரகம். இன்வர்டு நோட்டீஸ் போர்டில் யாருக்கோ செய்து காய வைத்திருந்த பிறந்தநாள் அட்டையில் 'ஹோல்டு' சீலைப் பார்த்துவிட்டார்.

"என்ன மெட்டீரியல் ஹோல்டுல இருக்கு?"

"பர்த்டே சார்."

"ஏன் ஹோல்டு?"

"கேக் இன்னும் வரல சார்."

ஆடிட்டர் அட்டையைக் கழற்றி, முன்னும் பின்னும் புரட்டி, வெண்டைக்காய்ப் பூவை முகர்ந்து பார்த்து, குறிப்பேட்டில் வெகுநேரம் எழுதினார். குவாலிட்டி மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அறிக்கை வந்தபோது அது ஓர் அப்சர்வேஷனாக இருந்தது: ஆவணத்தில் ரிவிஷன் எண்ணும் தயாரித்தவர் கையெழுத்தும் இல்லை. அன்றிலிருந்து அண்ணனின் அட்டைகளில் வலது கீழ் மூலையில் 'ரெவ். 01' என்று சின்னதாக ஒரு சீல் இருக்கும். பிறந்தநாள் அட்டையென்றால் வயதுதான் ரிவிஷன் எண். நாற்பது தாண்டியவர்களுக்கு மட்டும் 'ரெவ். 40'க்கு மேல் குத்துவதில்லை, கேட்டுக்கொண்டதன் பேரில்.