வாவிக்கு ரியூசன் கட்டணம் இல்லை

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கும் வீடே பள்ளிக்கூடம் ஆனது. வாசலில் வாவி. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் ஆய்வுகூடம்; வாடகையில்லை, பூட்டுமில்லை. நாங்களோ பிள்ளையைக் கைபேசிக்கு முன்னால் இருத்தி, வாவி என்றால் என்னவென்று பாடமாக்கச் சொன்னோம்.

செயன்முறைக் கல்வி வேண்டாமென்று யார் சொன்னது? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முடியட்டும் என்கிறோம், அவ்வளவுதான். பிறகு சாதாரண தரம், அதன்பின் உயர்தரம். அதற்குள் பிள்ளைக்கு மீசை வந்துவிடும்.

கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் பாடுமீன் பாடுவது கேட்கும் என்பார்கள். ஒலி நீரிலும் மரத்திலும் பயணிக்கும். நீரில் அதன் வேகம் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல். இதைவிட நல்ல பௌதிகப் பாடம் ஏது? எங்கள் பிள்ளைகளும் அந்தப் பாலத்தில் தினமும் போகிறார்கள்: ஓட்டோவில், ஒலி பற்றிய ரியூசனுக்கு.

ஒலியை ஆராய்ந்தவர் எங்கள் பக்கத்திலும் இருந்தார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1947இல் வெளியான யாழ் நூலில், பழைய யாழைக் கணக்காலும் ஒலியியலாலும் ஆராய்ந்தார். நாங்கள் அவருக்கு மாலை போடுவதோடு சரி.

ரியூசன் இல்லாத ஒரு ஞாயிறு கிடைத்தால் பிள்ளையிடம் அத்தாங்கும் அடிமட்டமும் கொடுத்துப் பாருங்கள். பிடித்த இறாலை எண்ணி, அளந்து, சராசரி காணட்டும். விடை பிழைத்தாலும் கறிக்கு இறால் மிஞ்சும்.