சஞ்சார் பவனுக்குப் புதுச்சேரியின் விண்ணப்பம்

பெறுநர்: தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் பவன், புது தில்லி.
பொருள்: ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே நிற்கும் சுவர் குறித்து.

பெருமதிப்பிற்குரிய துறைக்கு,

புதுச்சேரிக்காரர்கள் நலம். அவர்களுடைய லேப்டாப்புகளும் நலம். திரையின் மூலையில் வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன. நெட் மட்டும் வரவில்லை.

அந்தக் கோடுகள் காட்டுவது லேப்டாப்புக்கும் வீட்டு ரவுட்டருக்கும் உள்ள உறவை மட்டுமே. வாசலுக்கு வெளியே கேபிள் அறுந்து தொங்கினாலும் கோடு ஒன்றுகூடக் குறையாது. அரசு ஆண்டறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை.

துறையின் கணக்குகளையும் ஊர் கவனித்தே வருகிறது. 2004-ல் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட். 2013-ல் அது 512 ஆனது. 2018-ல் வந்த தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை, 2022-க்குள் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 50 மெகாபிட், நாட்டுக்கு ஒரு கோடி பொது வைஃபை மையங்கள் என்று வாக்களித்தது. 2022 வந்தது, போனது. 2023 ஜனவரியில் துறை புதிய வரையறையை வெளியிட்டது: குறைந்தது 2 மெகாபிட். ஐம்பதில் நாற்பத்தெட்டு போனால் இரண்டு, கழித்தலில் பிழையில்லை. இந்த வேகத்தில் ஒரு ஜிபி கோப்பு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐம்பதில் மூன்று நிமிடம்கூட ஆகாது.

வரையறையில் இன்னொரு நயமும் உண்டு. வேகம், சேவை நிறுவனத்தின் முனையத்திலிருந்து சந்தாதாரர் வரைக்கும். சந்தாதாரர் வீட்டில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அது கேட்பதில்லை. புதுச்சேரி மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஊரின் வைசியாள் வீதியைப் பழைய அழகோடு சீரமைத்ததற்காக 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. விருது வாங்கித் தந்த வீட்டமைப்பு இதுதான்: திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், பின்கட்டு, இடையிடையே செங்கல்லும் சுண்ணாம்புமாய்ப் பருத்த சுவர்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டிப் பிரெஞ்சுப் பகுதிக்குப் போனாலும் சுவர் மெலிந்துவிடாது. ஃபைபர் வாசல் வழியாக வருகிறது, ஆகவே மோடம் மீட்டர் பெட்டிக்கு மேலே குடியேறுகிறது. படிக்கிற பிள்ளையும் லேப்டாப்பும் பின்கட்டில். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. வீதியிலுள்ள அத்தனை வீடுகளும் விடுதிகளும் அந்த மூன்றுக்குள்தான் நெரிந்துகொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் வேறு அதே பேட்டையில். 2005-ல் இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று அறிவித்தது அரசுதான். அதற்கு நன்றி, இது பகடி இல்லை.

புகார் கொடுத்தால் லைன் பார்க்கும் தம்பி வருவார். தன் லேப்டாப்பை மோடத்திலேயே வயரால் சொருகிக் காட்டுவார். “நம்ம லைன்ல ஒண்ணும் இல்ல சார். ஃபுல் ஸ்பீடு வருது. உங்க செவுருதான் பிரச்சன.” அவர் சொல்வது உண்மை. புகார் தீர்ந்ததாக அன்று மாலையே குறுஞ்செய்தியும் வந்துவிடும். சுவர்மீது புகார் கொடுக்க இலவச எண் எதுவும் இல்லை.

துறைக்கு ஒரு பழைய சேதி. வைஃபை என்ற பெயர் 1999-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை நடுவமாக்கிக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கி, விஎச்எஃப் ரேடியோ வழியாகக் கம்பியில்லாமலே கிராமங்களுக்குத் தகவல் அனுப்பியது. எம்பலத்தில் கோயில் இடத்திலேயே கணினி வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரத்தை வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அனுப்பியது சின்னக் கோப்புகள், அலைவரிசையும் வேறு, ஒப்பிடுவது முறையாகாது என்று துறை சொல்லக்கூடும். சரி. ஆனால் கடலுக்குப் போகிறவர் காதில் சேதி விழுகிற வரைக்கும் அது தங்கள் பொறுப்பு என்று அவர்கள் நினைத்தார்கள். சேதி வில்லியனூரை விட்டுக் கிளம்பியதோடு கணக்கை முடிக்கவில்லை.

ஆகவே, அடுத்த முறை வரையறையைத் திருத்தும்போது, இணைப்பு கொடுக்கிற அன்றே லேப்டாப் இருக்கும் அறையில் வேகத்தை அளந்து சந்தாதாரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கும்படி புதுச்சேரி கேட்டுக்கொள்கிறது. பின்கட்டுக்கு இரண்டாவது வைஃபை பெட்டி தேவைப்பட்டால் அதன் விலையைப் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடட்டும்.

ஆணை வரும்வரை ஊர்க்காரர்கள் ஈதர்நெட் கேபிள் வாங்கிக்கொள்வார்கள். நூறு மீட்டர் வரை அது தாங்கும். முற்றத்தைச் சுற்றிப் பின்கட்டுக்குப் போக அதில் பாதிகூட வேண்டாம்.

இப்படிக்கு,
புதுச்சேரி நகரச் சந்தாதாரர்கள்